நிற்க, மூன்று நிமிடம்

மார்ச் 4

அன்புள்ள சின்னவளுக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. ஆண்டவன் கருணையால் இங்கே நானும் என் மகளும் பிறந்து மூன்று நாளான பேத்தியும் சுகம். அங்கே மாமாவும் உன் அண்ணனும் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொள்கிறேன். நிற்க.

மகளுக்கு மூன்று வாரம் முன்னதாகவே வலி கண்டுவிட்டதில் எல்லாம் தலைகீழ் ஆகிவிட்டது. நீ வந்ததும் ஒரு வாரம் கூட இருந்து, என் சமையலறையை உனக்குக் காட்டிக்கொடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் இருந்தேன். நீ வந்த பஸ்ஸும் நான் ஏறிய பஸ்ஸும் வழியில் எங்கேயோ எதிரெதிராகப் போயிருக்கும். போனில் சொல்லலாம் என்றால் உன் அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டு "என்ன சொல்றா, என்ன சொல்றா" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். எனக்குப் பாதி மறந்துவிடும். எழுதினால் நம் இருவருக்குள் இருக்கும்.

ஃப்ரீசரில் முப்பது பெட்டி இருக்கிறது. ஒவ்வொரு மூடியிலும் எண். தேதிக்கு ஒன்று, மாமாவின் மதியச் சாப்பாட்டுக்கு. மைக்ரோவேவுக்குப் பக்கத்து ஆணியில் நீல நோட்டு தொங்கும். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பக்கம். எடை, ஐஸ் விட எத்தனை நிமிடம், சூடு ஏற எத்தனை நிமிடம் எல்லாம் அதில் இருக்கிறது. உன் இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைக்காதே. மாமாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகி ஐந்து வாரம்தான் ஆகிறது. நமக்கு ஒரு நாள் வயிற்றுவலியோடு போவது அவரைப் படுக்கையில் தள்ளிவிடும்.

ஐஸ் விட்டதைத் திரும்ப ஃப்ரீசரில் வைக்காதே. ஐஸ் விட்ட கையோடு சூடு செய்துவிடு, மேடையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போகாதே. கடையில் இறைச்சி வாங்கினால் அது வரும் வெள்ளைத் தட்டோடு உள்ளே தள்ளாதே. பளபளக்கிற தாள், ஸ்பூன், விளிம்பில் பொன்கோடு போட்ட பீங்கான் எதுவும் உள்ளே போகக் கூடாது. மூடியை ஒரு ஓரம் திறந்து வை. பாதியில் நிறுத்திக் கிளறு. அந்த அடுப்புக்கு ஓரத்தின் மேல்தான் பிரியம், நடுவை மறந்துவிடும்.

பதினாறாம் தேதி வரை மாமாவுக்கு இறைச்சி வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பதினேழிலிருந்து மூன்று பெட்டி கோழி. அதுவரை அவர் கெஞ்சினாலும் கொடுக்காதே, கெஞ்சுவார்.

இதெல்லாம் உன்னை மிரட்ட எழுதவில்லை. மாமாவை ஆறு மாதம் உன் வீட்டில் வைத்துக்கொள்ள நீ ஆசைப்படுவதும், "முதல்ல ரெண்டு மாசம் இங்க பாத்துக்கட்டும், அப்புறம் பாப்போம்" என்று உன் அண்ணன் சொன்னதும் எனக்குத் தெரியும். அவர் பார்க்கிறார் என்பதை நினைவில் வைத்துக்கொள், அவ்வளவுதான்.

இன்னொன்று சொல்ல இருந்தேன். குழந்தை அழுகிறாள். அடுத்த கடிதத்தில்.

அண்ணி


மார்ச் 10

அண்ணிக்கு,

எல்லோரும் நலம். நிற்க. பார்த்தீர்களா, நானும் போட்டுவிட்டேன்.

உங்கள் நோட்டைப் பார்த்துத்தான் செய்கிறேன். எனக்குத் துணி வெட்டுகிற கை அண்ணி. ஒரே வெட்டில் நாற்பது சட்டைக்குத் துணி அறுக்கிற இடத்தில் பதினாலு வருஷம் நிற்கிறேன். அளவு சொன்னால் அளவில் நிற்பேன், பயப்படாதீர்கள். எட்டு என்றால் எட்டு, நாலு என்றால் நாலு.

ஆனால் ஒன்று. பக்கத்துக்குப் பக்கம் நோட்டில்கூட "நிற்க", "நிற்க" என்று போட்டு வைத்திருக்கிறீர்களே. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஐஸ் விட 8. திருப்பு. நிற்க. முழுச் சூட்டில் 4. கிளறு. நிற்க." அப்பா வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பீன்ஸுக்குக்கூட நலம் விசாரிச்சுக் கடுதாசி எழுதற ஆளு உங்க அண்ணி ஒருத்திதான்" என்றார். கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் இங்கே வந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

தினமும் பதினொரு மணிக்கே சமையலறை வாசலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். "இன்னிக்கு என்ன நம்பரு?" ஒன்பது என்றேன். "ஒம்பதுல என்ன?" பூசணி சூப். "நேத்து?" அதுவும் பூசணி சூப். "பதினேழுக்கு இன்னும் எத்தன நாளு?" சிறைக்கைதி மாதிரி சுவரில் கோடு போடாததுதான் பாக்கி.

அண்ணன் சாயங்காலம் வந்ததும் முதலில் அப்பாவைப் பார்க்கிறான், அடுத்துக் கழுவி வைத்த பெட்டியைப் பார்க்கிறான், கடைசியாக என்னைப் பார்க்கிறான். எடை பார்க்கிற கடைக்காரர் மாதிரி ஒரு பார்வை.

அப்பாவுக்கு என் வீட்டில் ஜன்னல் பக்கத்து அறையை ஒழித்து வைத்துவிட்டேன். கீழே பஸ் நிற்கும் இடம். நாள் முழுக்க ஆள் ஏறுவதும் இறங்குவதும் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவருக்கு அது போதும். அம்மா போன பிறகு அவர் என்னோடு சேர்ந்தாற்போல ஒரு வாரம்கூட இருந்ததில்லை, உங்களுக்குத் தெரியும்.

குழந்தை யார் ஜாடை?

சின்னவள்


மார்ச் 20

அன்புள்ள சின்னவளுக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. நலம் கேட்டு எழுதக் கை வரவில்லை.

உன் அண்ணன் நேற்றுப் போன் செய்தார். மாமாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து, கையில் ஊசி குத்தி மருந்துத் தண்ணீர் ஏற்றுகிறார்கள் என்றார். வாந்தியும் வயிற்றுப்போக்கும் நிற்கவில்லை, சிறுநீர் சரியாகப் போகவில்லை என்றார். "ஒரு பெட்டியச் சுட வைக்கத் தெரியல, இவ அப்பாவ ஆறு மாசம் பாத்துக்கப் போறாளாம்" என்றார். போனை வைத்துவிட்டேன். அவர் கோபத்தில் இருக்கும்போது எதுவும் பேசக் கூடாது என்பது இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும். எந்த எண்ணை எடுத்தாய்? பதினேழாம் தேதி என்றால் பதினேழாகத்தான் இருக்க வேண்டும். நீ முன்பின்னாகவும் எடுத்திருக்கலாம். ஐஸ் எப்போது விட்டாய்? ஐஸ் விட்டபின் வெளியில் வைத்தாயா? நடுவில் கிளறினாயா? ஆவி வந்ததா, அல்லது பெட்டி சுட்டதைத் தொட்டுப் பார்த்து எடுத்துவிட்டாயா? பெட்டி சுடுவது வேறு, உள்ளே சுடுவது வேறு. மறைக்காமல் எழுது. யாரையும் தண்டிக்கக் கேட்கவில்லை.

நீயும் சாப்பிட்டாயா? உனக்கு ஒன்றும் இல்லையே?

இங்கே குழந்தைக்கு ஒரு கையும், இன்னொரு கையில் பிரார்த்தனையுமாக இருக்கிறேன். நேற்று மகள் "அம்மா, ஏன் அடுப்பப் பாத்துக்கிட்டே நிக்கறீங்க" என்று கேட்டாள். பால் பொங்கி வழிந்திருக்கிறது, நான் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறேன்.

அண்ணி


மார்ச் 25

அண்ணிக்கு,

அப்பா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டாம் நாள்தான் மோசம். சிறுநீரகம் களைத்துவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் தேறியது. தையல் பிரியவில்லை. இப்போது கஞ்சிதான். உடம்பு இறங்கிவிட்டது. சட்டைக் காலரில் இரண்டு விரல் போகிறது. நான் அளவு எடுக்கிறவள், எனக்குத் தெரியும்.

நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில். பதினேழுதான். மதியம் பன்னிரண்டரைக்கு ஐஸ் விட்டேன், எட்டு நிமிடம். திருப்பினேன். வெளியில் வைக்கவில்லை. முழுச் சூட்டில் நாலு நிமிடம். இரண்டாவது நிமிடத்தில் கிளறினேன். ஆவி வந்தது. மணி அடித்ததும் எடுத்துத் தட்டில் போட்டேன். அப்பா நாற்காலியை மேசைக்கே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். பதினாறு நாள் காத்திருந்தவர். அவருக்கு நடுவில் இருந்த பெரிய துண்டாகப் பார்த்துப் பார்த்து வைத்தேன். ஓரத்தில் கிடந்த இரண்டை நான் சாப்பிட்டேன். எனக்கு ஒரு நாள் வயிற்றுவலி, அவ்வளவுதான். நல்லது என்று நினைத்துத்தானே அண்ணி அந்தத் துண்டை எடுத்து வைத்தேன்.

இனி சொல்லப்போவது அண்ணன் எதிரிலேயே வெளிவந்துவிட்டது, உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் சாப்பாட்டைப் பார்க்கிற அம்மா ஒருத்தி வந்தாள். என்ன சாப்பிட்டார், எப்படிச் செய்தது என்று கேட்டாள். நான் உங்கள் நோட்டையே கையில் கொண்டுபோயிருந்தேன், என் மேல் தப்பில்லை என்று காட்ட. பக்கத்தைப் படித்துவிட்டு, "நாலு நிமிஷம் வச்சீங்க. அப்புறம் மூணு நிமிஷம் நிக்க விட்டீங்களா?" என்றாள்.

"யாரு, நானா?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "சாப்பாடும்மா. அடுப்பு நின்ன பிறகும் உள்ள சூடு ஓடிக்கிட்டேதான் இருக்கும். ஓரத்துல இருக்கறது மெதுவா நடுவுக்குப் போகும். அதுக்குத்தான் இந்த மூணு நிமிஷம். மூடி போட்டு அப்படியே விடணும். இங்க எழுதியிருக்கே, நிற்க, மூணுன்னு."

எழுதித்தான் இருந்தது. "நிற்க" என்று போட்டு, பக்கத்தில் சின்னதாக ஒரு மூன்று. அந்த மூன்றை நான் அடுத்த வரிக்கான எண் என்று நினைத்தேன். "நிற்க" என்றால் உங்கள் கடிதத்து நிற்க என்றுதான் நினைத்தேன். பதினாறு நாளும் அப்படியேதான் செய்திருக்கிறேன், சூப்பாக இருந்ததால் தப்பியது போலிருக்கிறது. அப்பாவுக்குப் படித்துக் காட்டிச் சிரித்தேனே, அதுதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது.

அண்ணன் பக்கத்தில்தான் நின்றான். வெளியே வந்து வராந்தாவில், "ஒரு வார்த்த படிக்கத் தெரியல. அப்பா இனி எங்கேயும் போக மாட்டாரு. அண்ணி வந்ததும் நீ கிளம்பு" என்றான். பெரியப்பா வீட்டுக்கும் போன் செய்து சொல்லிவிட்டான். சொல்லட்டும். என்னால் வந்ததுதானே.

ஜன்னல் அறையில் போட வாங்கிய மெத்தையைக் கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்க வேண்டும்.

சின்னவள்


மார்ச் 29

அன்புள்ள சின்னவளுக்கு,

மாமா வீடு திரும்பினார் என்று படித்ததும் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஆண்டவன் கைவிடவில்லை. நிற்க.

நீ உன்னையே போட்டு வருத்திக்கொள்ளாதே. தெரியாமல் நடந்தது. தெரியாமல் செய்ததை ஆண்டவன் கணக்கில் வைப்பதில்லை. உன் அண்ணன் கோபம் பால் மாதிரி, பொங்கும், பிறகு அடங்கும். நான் வந்த பிறகு பக்குவமாகச் சொல்லிப் பார்க்கிறேன். இப்போது நீ எதுவும் பேசாதே. மாமாவுக்கு உன் வீட்டை விட இங்கே பழகிய இடம், பழகிய டாக்டர். ஒரு விதத்தில் யோசித்தால் அதுவும் சரிதானோ என்றும் தோன்றுகிறது. எல்லாம் நன்மைக்கே என்று எடுத்துக்கொள்வோம்.

மீதிப் பெட்டிகளில் பதினெட்டும் பத்தொன்பதும் வேண்டாம். திறக்க வேண்டாம், அப்படியே குப்பையில் போட்டுவிடு. மற்றவை இருக்கட்டும்.

குழந்தை உன் அம்மா ஜாடை. அந்த நெற்றி.

அண்ணி


ஏப்ரல் 3

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். ஒரே ஒரு வரியில்தான் விஷயம் இருக்கிறது, மற்றதெல்லாம் சமாதானம்.

ஏன் பதினெட்டும் பத்தொன்பதும்? நிற்க விடாததுதான் தப்பு என்றால் இந்த முறை நிற்க விட்டால் போதுமே. நடுவிலே மின்சாரம் போய்ப் பெட்டிகள் கெட்டிருக்கும் என்று பயந்தால் முப்பதையும் அல்லவா போடச் சொல்லியிருப்பீர்கள். இருபதிலிருந்து முப்பது வரை இருக்கலாம், இந்த இரண்டு மட்டும் வேண்டாம், திறக்கவும் வேண்டாம்.

திறந்தேன். பதினெட்டை ஐஸ் விட்டு, என் கத்தரியாலேயே எலும்போரம் வெட்டினேன். மேலே வெள்ளையாக வெந்தது போலத்தான் இருந்தது. உள்ளே சிவப்பு. எலும்பைச் சுற்றி இரத்தம் உறைந்துகூடப் போகவில்லை, நீராக வந்தது. நோட்டில் பதினெட்டாம் பக்கத்தில் "வெந்தது. சூடு மட்டும்" என்று உங்கள் கையெழுத்து.

இது வெந்ததில்லை அண்ணி. பாதியில் நிறுத்தியது.

நாலு நிமிடத்துக்குப் பிறகு மூன்று நிமிடம் இல்லை, நாள் முழுக்க நிற்க விட்டிருந்தாலும் அது வெந்திருக்காது. எனக்குச் சமைக்கத் தெரியாமல் இருக்கலாம், இவ்வளவு தெரியும்.

உங்கள் முதல் கடிதத்தைத் தேடி எடுத்தேன். வெள்ளைத் தட்டு பற்றி எழுதியிருக்கிறீர்கள். பொன்கோட்டுப் பீங்கான் பற்றி எழுதியிருக்கிறீர்கள். கடைசியில், "இன்னொன்று சொல்ல இருந்தேன்" என்று எழுதி, குழந்தை அழுகிறாள் என்று நிறுத்தியிருக்கிறீர்கள். அடுத்த கடிதத்தில் என்றீர்கள். அடுத்த கடிதம் நீங்கள் எழுதியது அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது.

அந்த இன்னொன்று என்ன?

பதினெட்டைக் குப்பையில் போட்டுவிட்டேன். பத்தொன்பது ஃப்ரீசரில்தான் இருக்கிறது. அண்ணனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. நான் சொன்னால் தப்பிக்கச் சொல்கிறேன் என்பான். "அவ நோட்டுல ஒரு புள்ளி தப்பிருக்காது" என்று ஊரெல்லாம் சொல்கிறவன்.

அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் ஸ்பூனால் கஞ்சியின் நடுவைக் குத்திப் பார்க்கிறார். கஞ்சியை, அண்ணி. நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்கிறேன்.

சின்னவள்


ஏப்ரல் 8

சின்னவளுக்கு,

இன்று காலை பிரார்த்தனைக்கு உட்கார்ந்து எழுந்து வந்துவிட்டேன். இத்தனை நாளும் மாமாவுக்காக வேண்டினேன், உனக்காக வேண்டினேன், அந்தப் பெட்டியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆண்டவனுக்குத் தெரியாத மாதிரி. இன்றைக்கு முதலில் உன்னிடம் எழுதிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

நான் கிளம்பிய அன்று பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது மூன்றும்தான் பாக்கி. ஒன்றரைக் கிலோ கோழியைப் பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு மைக்ரோவேவில் இருபத்தைந்து நிமிடம் வைத்தேன். பதினோராவது நிமிடத்தில் போன் வந்தது. மகளுக்கு வலி. உன் அண்ணன் வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு "வரியா இல்லியா" என்று கத்தினார். அடுப்பை நிறுத்தினேன். மேலே வெளுத்திருந்தது. மூன்று பெட்டியில் பிரித்துப் போட்டேன், ஃப்ரீசரில் தள்ளினேன். நோட்டில் அந்த மூன்று பக்கமும் முதல் நாளே எழுதி வைத்திருந்தேன். "வெந்தது. சூடு மட்டும்." திருத்தப் பேனாவைத் தேடவில்லை.

பாதி வேக வைத்து எடுத்து வைப்பது எல்லாவற்றிலும் மோசம் என்று அந்த அடுப்போடு வந்த புத்தகத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. கிருமி சாகாது, சுகமாக இருக்கும். ஃப்ரீசரில் வைத்தாலும் தூங்கும், சாகாது. அந்தப் புத்தகத்தை அகராதியும் கையுமாக மூன்று மாதம் உட்கார்ந்து படித்தவள் நான். பள்ளிக்கூடத்தில் ஐந்தோடு நின்றவள் வேற்று மொழிப் புத்தகத்தைப் படித்துவிட்டாள் என்று உன் அண்ணன் ஆபீஸில் சொல்லிப் பெருமைப்பட்டார். "நிற்கும் நேரம்" என்று அகராதியில் தேடி எடுத்து, நீளமாக இருக்கிறதே என்று "நிற்க" என்று சுருக்கினதும் நான்தான். எவ்வளவு அழகாகச் சுருக்கிவிட்டேன் என்று அன்றைக்கு நினைத்தேன். எனக்குப் புரிந்தால் எல்லோருக்கும் புரியும் என்று நினைத்தேன். அதுவும் என் தப்புதான், உன் தப்பில்லை.

பஸ்ஸில் போகும்போதே ஞாபகம் வந்துவிட்டது. பதினேழாம் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று இருந்தேன். உனக்கு எழுதும்போது கைக்கு வந்தது. குழந்தை அழுதது உண்மை. ஆனால் அவள் அழுது முடித்துத் தூங்கினாள், நான் கடிதத்தைத் திரும்ப எடுத்து ஒரு வரி எழுதியிருக்கலாம். உனக்குப் பத்து எச்சரிக்கை எழுதிவிட்டுப் பதினோராவதாக, "நான் பாதியில் நிறுத்திவிட்டேன், நீ வேக வைத்துக்கொள்" என்று எழுத மானம் போனது. அடுத்ததில் சொல்லலாம் என்று உறையை ஒட்டினேன். பிறகு பாலும் துணியும் காய்ச்சலுமாக நாள் போனதே தெரியவில்லை. இது சாக்கு இல்லை, நடந்தது.

இன்னும் இருக்கிறது. "நிற்க" விடாததால் வந்தது, என்னால் வந்ததுதான் என்று நீ எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் என் உடம்பு லேசாகிப் போனது. மாமா சாகக் கிடந்தார், நீ அழுதுகொண்டு எழுதியிருக்கிறாய், எனக்கு லேசானது. அதோடு, மாமா என்னை விட்டுப் போக மாட்டார் என்றும் ஒரு மூலையில் நினைத்தேன். உன் அம்மா போனதிலிருந்து, பத்தொன்பது வருடமாக, அவருக்கு நான்தான் தட்டு வைக்கிறேன். நீ ஆறு மாதம் கேட்டபோது "அதுக்கென்ன, கூட்டிட்டுப் போ" என்று வாயால்தான் சொன்னேன். அந்த லேசுக்கும் அந்த மூலைக்கும்தான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பெட்டிக்கு மாமாவிடம் கேட்க வேண்டும்.

உன் அண்ணனுக்குத் தனிக் கடிதம் இதே தபாலில் போகிறது. இதில் உள்ளதெல்லாம் அதிலும் இருக்கிறது. மாமாவையும் உன்னையும் உட்கார வைத்துச் சத்தமாகப் படிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். பெரியப்பா வீட்டுக்கு நானே போன் செய்கிறேன். மெத்தையைத் திருப்பிக் கொடுக்காதே.

உன் அண்ணி


ஏப்ரல் 18

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்து ஆறு நாள் ஆகிறது. அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். எழுதியிருந்தால் ஓரமெல்லாம் கொதித்திருக்கும், நடுவில் ஐஸ் அப்படியே இருந்திருக்கும். அதனால் நிற்க விட்டேன். இப்போதும் நடுவில் கொஞ்சம் இருக்கிறது. தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அண்ணன் சாயங்காலம் வந்து சட்டைகூடக் கழற்றாமல் படித்தான். முதலில் மனதுக்குள். பிறகு எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தான். நீங்கள் எழுதியபடியே சத்தமாக. "வரியா இல்லியா" என்று கத்தினது வரும் இடத்தில் நிறுத்தினான். "இத எதுக்கு எழுதியிருக்கா" என்றான். அப்பா, "கத்துனியா இல்லியா, படி" என்றார். படித்தான். முடித்ததும் சமையலறைக்குப் போய்ப் பத்தொன்பதாம் பெட்டியை எடுத்துக் குப்பையில் போட்டு, கையை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவினான். நோட்டை ஆணியிலிருந்து எடுத்து வெகுநேரம் புரட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை, வருமென்று நான் நினைக்கவும் இல்லை. மறுநாள் காலையில் செருப்பு மாட்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், "உன் வீட்டுக்கு எத்தன படி?" என்றான்.

"இருபத்தி ரெண்டு."

"கைப்பிடி இருக்கா?"

"இருக்கு."

"முப்பதாம் தேதி லீவு போடறேன். நானே கொண்டுவந்து விடறேன்." அவ்வளவுதான்.

அப்பா உங்கள் கடிதத்தைக் கேட்டுவிட்டு எழுந்துபோய்ச் சமையலறை வாசல் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, "பதினேழுக்கு நான் பதினாறு நாளு காத்திருந்தேன். அத எங்கிட்ட சொல்ல அவ அஞ்சு வாரம் காத்திருக்கா. பாவம், அவளுக்கும் வயிறு சரியில்லாமத்தான் இருந்திருக்கும்" என்றார். உங்கள் மேல் கோபமா என்று கேட்டேன். "இருக்கு" என்றார். "தட்டு வச்சவ மேல கோவப்படாம வேற யாரு மேல கோவப்படறது. போய்டும்" என்றார். நேற்றுக் கஞ்சியைக் குத்திப் பார்க்காமல் சாப்பிட்டார். இன்று மறுபடி குத்தினார்.

நீங்கள் வரும்போது நாங்கள் இருக்க மாட்டோம். ஒரு நாள் முந்திக்கொண்டு வந்து பார்த்துவிடுங்கள் என்று சொல்ல இன்னும் எனக்கு வரவில்லை. பஸ் நிற்கும் இடத்துக்கு மேல் ஜன்னல், அவர் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். ஒரு மாதம் போகட்டும், நீங்கள் எந்தப் பஸ்ஸில் இறங்கினாலும் முதலில் பார்ப்பது அவராகத்தான் இருக்கும்.

நோட்டில் "நிற்க" என்று இருந்த இடத்திலெல்லாம், "மூடியைத் திறக்காமல் மூன்று நிமிடம் அப்படியே விடவும்" என்று எழுதிவிட்டேன். எண்பது இடம். கை வலிக்கிறது. பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது மூன்று பக்கத்தையும் கிழிக்கவில்லை. மேலே மார்ச் 17 என்று தேதி மட்டும் போட்டேன்.

என்னுடையது சின்ன அடுப்பு, உங்களுடையதில் பாதி பலம்தான் இருக்கும். உங்கள் நிமிடங்கள் அதற்குப் பொருந்தாது. போன வாரம் வீட்டுக்குப் போனபோது, பின்பக்கத்தில் ஒட்டியிருக்கிற வாட் எண்ணைக் குறித்து வந்து இத்துடன் வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு எதை, எவ்வளவு எடையில், எத்தனை நிமிடம் என்று எழுதி அனுப்புங்கள். நலம் விசாரிப்பெல்லாம் பிறகு வரட்டும். இன்னொன்று ஏதாவது இருந்தால், அதை முதலில் எழுதுங்கள்.

சின்னவள்